இரவில் விழிக்கும் மரங்கள்

திருத்தணிக்குப் போய் வந்தவர்களுக்கு வேங்கை மரத்தின் கதையைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளியைத் தேடித் தினைப்புனத்துக்கு வந்த முருகன், அவள் தந்தை நம்பிராஜன் வரும் அரவம் கேட்டதும் வேங்கை மரமாக நின்றுவிட்டான். நேற்று இல்லாத மரம் இன்று எப்படி முளைத்தது என்று வேடர்கள் திகைத்தார்களாம்! பிறகு சினமெல்லாம் தணிந்து வள்ளியோடு அவன் அமர்ந்த மலைதான் தணிகை.

மரத்துக்குள் ஒருவர் இருக்கிறார் என்ற எண்ணம் நமக்கு மட்டும் சொந்தமல்ல. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களிடமும் அது உண்டு. பகல் முழுவதும் மரம் நிழலும் உணவும் தந்து பிறருக்காக உழைக்கிறது. இருட்டிய பிறகே அதற்கு ஓய்வு. அப்போதுதான் அதன் ஆவி தன் உருவைக் காட்டும் என்பார்கள். அடுப்படி வேலை ஓய்ந்த பிறகே தன் நினைவு வரும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது நன்றாகப் புரியும், இல்லையா?

இந்த நம்பிக்கையைச் சென்னைத் தாரா பதிப்பகம் 2006-ல் ஓர் ஆங்கிலப் புத்தகமாக வெளியிட்டது. ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்பது அதன் பெயரின் பொருள். பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் ஊர்வேதி என்ற மூன்று கோண்டு ஓவியர்கள் படம் எழுதியிருக்கிறார்கள். இத்தாலியில் போலோன்யா நகரத்துக் குழந்தைப் புத்தகச் சந்தையில் 2008-ல் இதற்குப் பரிசும் கிடைத்தது.

இதன் விசேஷம், முழுவதும் கைவேலை என்பதுதான். காகிதம் கையால் செய்த கறுப்புக் காகிதம். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில், வர்ணம் படவேண்டிய இடம் மட்டும் திறந்திருக்கும். மையை ஊற்றி ரப்பர் பட்டையால் வழித்தால் படம் காகிதத்தில் இறங்கும். ஒவ்வொரு வர்ணத்துக்கும் தனிச் சட்டம்; ஒன்று காய்ந்த பிறகே அடுத்தது. கடைசியில் ஊசி நூலால் தையல். ஒரு பிரதி போல் இன்னொன்று அப்படியே இராது. ஒரே கை வார்த்த இரண்டு தோசை ஒன்றுபோல் இருக்கிறதா, என்ன?

மூவரில் துர்கா பாயின் கதை நம் மனத்தைத் தொடும். பள்ளிக்கூடம் போகும் வசதி அவருக்கு வாய்க்கவில்லை. சிறு வயதிலேயே வீட்டுச் சுவரிலும் தரையிலும் ‘திக்னா’ என்ற கோலம் போடக் கற்றார். அடுத்த மெழுகலில் அழிந்துபோகும் அந்தக் கை வேலை, புத்தகமானதும் அவர் பெயரோடு நிலைத்துவிட்டது. 2022-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

நம் வாசல் கோலத்தையும் எண்ணிப் பாருங்கள். காலையில் பூத்து மாலைக்குள் மறைகிறது. போட்டவர் பெயர் எங்கும் இல்லை. உங்கள் பாட்டியின் கோலங்களில் எத்தனை உங்களுக்கு நினைவிருக்கின்றன? பத்துத் தாளும் ஓர் ஊசியும் நூலும் போதும். முதல் பக்கத்தில் பாட்டியின் பெயரை எழுத மட்டும் மறந்துவிடாதீர்கள்!