சேலையின் பின்பக்கத்தைக் காட்டுங்கள்

காலை ஆறு மணிக்கெல்லாம் வாட்ஸ்ஆப் குழுக்களில் சேலைப் படங்கள் கொட்டத் தொடங்கிவிடுகின்றன. ‘சிங்கிள்ஸ் அவைலபிள்’, ‘ரீசெல்லர்ஸ் வெல்கம்’, ‘650 பிளஸ் ஷிப்பிங்’. மொத்த வியாபாரி அனுப்பிய படத்தை ஒரு இல்லத்தரசி எடுத்து, தன் லாபமாக நூறோ நூற்றைம்பதோ சேர்த்து ஸ்டேட்டஸில் வைக்கிறார். ஆர்டர் வந்ததும் பணம் மொத்த வியாபாரிக்குப் போகிறது. பார்சல் அங்கிருந்தே, அனுப்புநர் இடத்தில் இவர் பெயரோடு, நேராக வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விடுகிறது. கடை வாடகை கிடையாது, சரக்கில் முதல் முடங்காது. வெளியே போய் வேலை பார்க்க வழியில்லாத எத்தனையோ பெண்கள் சொந்தமாக நாலு காசு பார்ப்பது இப்படித்தான். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் இந்தச் சங்கிலியில் விற்கிறவர் சேலையைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. விற்பவர் பார்த்ததும் படம், வாங்குபவர் பார்ப்பதும் படம். விசைத்தறிச் சேலைப் படத்தின் அடியில் ‘ப்யூர் ஹேண்ட்லூம்’ என்று யாரோ எழுதியதை அடுத்தடுத்து நாலு பேர் அப்படியே தள்ளிவிடுகிறார்கள். தாங்கள் பொய் சொல்கிறோம் என்பது அவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. தறியில் உட்கார்ந்து நாள் கணக்கில் நெய்தவரின் பிழைப்பு அந்த இரண்டு வார்த்தையில் போய்விடுகிறது.

சமூக ஊடகத்தில் வியாபாரத்தை வளர்க்க என்ன வழி என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: தினமும் பதிவு போடுங்கள், ரீல்ஸ் போடுங்கள், ட்ரெண்டில் உள்ள பாட்டைச் சேருங்கள். 2020 ஜூன் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டு, அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்ததிலிருந்து இந்த அறிவுரை ஓயவில்லை. எல்லாரும் அதையே செய்தால் யாரும் தனித்துத் தெரியப் போவதில்லை. கைத்தறிக்காரர் தனித்துத் தெரிய வேண்டுமென்றால், மற்றவரால் காட்ட முடியாததைக் காட்ட வேண்டும். அது சேலையின் பின்பக்கம்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலையை எடுத்துக்கொள்வோம். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனியே ஒவ்வொன்று என மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு ஆள் போதாது. ஒரு பக்கத்துக் கரை நாடாவைத் தள்ளத் துணைக்கு இன்னொருவர் உட்கார வேண்டும். உடலின் ஊடை இழையும் கரையின் ஊடை இழையும் வரிக்கு வரி ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். சேலையைத் திருப்பினால் அந்த இணைப்பு மெல்லிய தடிப்பாக விரலுக்குத் தட்டுப்படும், பக்கத்தில் கொண்டுபோனால் செல்போன் கேமராவிலும் தெரியும். முன்பக்கத் தோற்றத்தை விசைத்தறியில் கொண்டுவந்துவிடலாம். திருப்பிப் பார்த்தால் பழகிய கண்ணை ஏமாற்ற முடியாது.

ஆகவே கைத்தறிச் சேலை விற்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: பாட்டை நிறுத்திவிட்டு வாயால் பேசுங்கள். முந்தியைத் திருப்புங்கள், கரை இணைப்பைக் காட்டுங்கள், புட்டாவின் பின்னால் தொங்கும் இழையைக் காட்டுங்கள். பாவு என்ன நூல், ஊடை என்ன நூல், நெய்ய எத்தனை நாள் ஆனது என்று நெய்தவரே சொல்லட்டும். அவருடைய ஊர்ப் பேச்சு அப்படியே இருக்கட்டும், அதைத் திருத்த வேண்டாம். படம் எடுக்க விளக்கும் ஃபில்டரும் வேண்டியதில்லை, வாசலில் விழும் பகல் வெளிச்சம் போதும். ‘லைட்டிங் காரணமாக நிறம் சற்று மாறலாம்’ என்ற வரியை நம்பிப் பிழைக்கிற கடைக்குத்தான் ‘கலர் மாறிப்போச்சு’ என்ற சண்டையும் ரிட்டர்னும் வருகின்றன.

விலையை மறைக்கும் பழக்கமும் போக வேண்டும். ‘பிரைஸ் டிஎம்’ என்று போடுவதால் விசாரணை கூடுகிறது, விற்பனை கூடுவதில்லை. ஆளுக்கொரு விலை சொல்கிறார்களோ என்ற சந்தேகம்தான் மிஞ்சுகிறது. இணையத்தில் வணிகமாகவே தொடர்ந்து விற்பவர்கள் மொத்த விலையைக் காட்ட வேண்டும் என்றுதான் 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

வாட்ஸ்ஆப் பற்றி ஒரு சின்ன விவரம். பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். பார்சலோடு ஒரு துண்டுச் சீட்டு வைத்து, எண்ணைப் பதிந்துகொள்ளச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. முன்பின் தெரியாத பத்தாயிரம் ஃபாலோயர்களைவிட, ஒருமுறை வாங்கித் திருப்தியான 200 பேரின் பட்டியல் பெரிய சொத்து.

இனி, என் மனதை அதிகம் அரிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். நெசவாளர் தன் தறியைப் படமெடுத்துப் போடுகிறார். அந்த வீடியோவைத் தறியே இல்லாத பத்துப் பக்கங்கள் எடுத்து, பெயரை வெட்டி, பாட்டைச் சேர்த்து, விசைத்தறிச் சேலைக்கு விளம்பரமாக்குகின்றன. புது டிசைன் ஒன்று நன்றாக ஓடினால் சில வாரங்களில் அதே கட்டமும் அதே நிறமும் விசைத்தறியில் கால்வாசி விலைக்கு வந்துவிடுகின்றன. குறிப்பிட்ட சில சேலை வகைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. செல்போன் திரைக்குள் அந்தச் சட்டத்தின் கை இன்னும் சரியாக நீளவில்லை. நெசவாளர் புது டிசைனை முதலில் பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் காட்டுவது நல்லது. ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியது நெய்யும் வேலையை.

முத்திரைகளிலும் ஒரு குழப்பம் நடக்கிறது. சில்க் மார்க் ஒட்டியிருக்கிறது, ஆகவே கைத்தறி என்று பேசி விற்கிறார்கள். சில்க் மார்க் பட்டு சுத்தமானது என்று மட்டுமே சொல்லும். விசைத்தறியில் ஓடிய பட்டுக்கும் அது கிடைக்கும். கையால் நெய்தது என்பதற்கு 2006இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனியாக இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, மதுரை சுங்குடி போன்றவற்றுக்கு உள்ள புவிசார் குறியீடு எந்த ஊர்ச் சரக்கு என்பதைச் சொல்கிறது. மூன்றும் வேறு வேறு. ஆகஸ்ட் 7, தேசிய கைத்தறி தினத்தன்று ஹேஷ்டேக் போடுகிற பக்கங்களில் இந்த வித்தியாசத்தை விளக்கும் பதிவு அபூர்வம்.

விசைத்தறியும் லட்சக்கணக்கானவர்களின் சோறு, எல்லாராலும் கைத்தறி விலை கொடுக்க முடியாது என்று சொல்வார்கள். உண்மைதான். இளம்பிள்ளை போன்ற விசைத்தறி ஊர்கள் நாட்டுக்கே சேலை நெய்து தருகின்றன. விசைத்தறியை விசைத்தறி என்று சொல்லி விற்றால் யாருக்கும் நஷ்டமில்லை.

அரசின் 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 35 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஸ்டேட்டஸில் சேலை விற்பவர்களும் பெண்கள், வாங்குபவர்களும் பெண்கள். ஆகவே ரீசெல்லர் அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: ‘ஹேண்ட்லூம்’ என்று எழுதும் முன், ஒரே ஒரு சேலையையாவது வரவழைத்துத் திருப்பிப் பாருங்கள். வாங்குகிற நீங்களும் பணம் அனுப்பும் முன் அந்தச் சேலையின் பின்பக்கத்தை வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.