என் இரு மிதிவண்டிகள்

சென்ற பருவத்தில் ஒரு நாள் மாலை, செய்முறை வகுப்பு முடிந்து ஆய்வுக்கூடத்தைப் பூட்டிக் கொண்டிருந்தேன். இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "சார், உங்க வண்டியில இருக்கிற மாதிரி என் சைக்கிளுக்கும் கியர் போட முடியுமா? எவ்வளவு ஆகும்?" என்று கேட்டார். அவருடையது பதினொன்றாம் வகுப்பில் அரசு வழங்கிய சைக்கிள். ஊர் மலையடிவாரத்தில், கல்லூரியிலிருந்து 14 கிலோமீட்டர். காலையில் இறக்கம், மாலையில் களைத்துத் திரும்பும்போது ஏற்றம். முடியும், முடியாது என்று ஒரு சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அந்த விடையைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல ஆயிரம் ரூபாயும் ஒரு காறை எலும்பும் செலவாயின. ஆகவே சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

என்னிடம் இரண்டு மிதிவண்டிகள் உள்ளன. ஒருவனுக்கு எதற்கு இரண்டு என்று ஆசிரியர் அறையில் கேலி செய்யாதவர் இல்லை. ஒன்று சாலை வண்டி. 2015 இல் ஒருவர் ஓட்டிக் கழித்ததை வாங்கினேன். ஆட்டுக்கிடாயின் கொம்புபோல வளைந்த கைப்பிடி, விரற்கடை அகலமே உள்ள டயர், மெல்லிய சட்டகம். மற்றொன்று 2019 இல் வாங்கிய மலைவண்டி. அதன் டயர் இரண்டே கால் அங்குல அகலம். முன் ஃபோர்க்கில் அதிர்வைத் தாங்கும் சுருள்வில் உண்டு. பிரேக் ரிம்மைப் பிடிக்காமல், அச்சோடு சுழலும் எஃகுத் தட்டைப் பிடிக்கும். முதல் வண்டியை ஏரிக்கரை மண்பாதையில் ஓட்டினால் பல் ஆடும். இரண்டாவதைத் தார்ச்சாலையில் ஓட்டினால், யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் இருக்கும்.

கியர் என்றால் என்னவென்பதை முதலில் ஒரு கணக்கால் காண்போம். என் தந்தையார் ஓட்டிய ஹெர்குலிஸ் வண்டியில் பெடலோடு சேர்ந்த பல்சக்கரத்தில் 44 பற்கள், பின்சக்கர ஃப்ரீ வீலில் 18 பற்கள். பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் 44 ஐ 18 ஆல் வகுத்த அளவு, அஃதாவது ஏறத்தாழ இரண்டரைச் சுற்றுச் சுற்றும். வண்டி ஐந்தரை மீட்டர் தொலைவு நகரும். மேடானாலும் பள்ளமானாலும் அதே ஐந்தரை மீட்டர்தான். என் சாலை வண்டியின் முன்னால் 50, 34 பற்கள் கொண்ட இரு சக்கரங்கள். பின்னால் 11 முதல் 25 வரை பற்கள் கொண்ட பத்துச் சக்கரங்கள் அடுக்காக இருந்தன. 50 க்கும் 11 க்கும் செயினை மாட்டினால் ஒரு மிதிக்கு ஒன்பதரை மீட்டர். 34 க்கும் 25 க்கும் மாட்டினால் மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. மேட்டில் தூரம் குறையும். மிதிக்க வேண்டிய விசையும் அதே விகிதத்தில் குறையும். வேலையின் அளவு குறைவதில்லை. நெம்புகோல் பாடத்தில் நாம் படிப்பதே இது.

ஓடும்போதே செயினை ஒரு சக்கரத்திலிருந்து அடுத்த சக்கரத்துக்குத் தள்ளும் உறுப்புக்கு டெரெய்லர் என்று பெயர். தடம் புரளச் செய்வது என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல் அது. இந்த வசதி பந்தயக்காரர்களுக்கு எளிதில் கிடைத்துவிடவில்லை. டூர் டி பிரான்ஸ் போட்டியில் 1937 இல்தான் அவர்கள் டெரெய்லரைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டனர். அதற்கு முன்பு பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பற்கள் கொண்ட இரு சக்கரங்களைப் பொருத்தியிருப்பர். மலையடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவர். குளிரில் விறைத்த விரல்களால் நட்டைத் திருக முடியாமல் அவதிப்பட்ட காலம் அது. ஒரே தட்டலில் சக்கரத்தை விடுவிக்கும் நெம்புப் பிடிக்கு 1930 இல் காப்புரிமை பெற்ற இத்தாலியர் டுல்லியோ காம்பக்னோலோ தாமே ஒரு பந்தயக்காரர் என்பதில் வியப்பில்லை. பிறகு 1984 இல் ஜப்பானின் ஷிமானோ நிறுவனம், பிடியை ஒரு சொடுக்குச் சொடுக்கினால் செயின் சரியாக ஒரு சக்கரம் நகரும் அமைப்பை உயர்தரப் பந்தய வண்டிகளுக்குக் கொண்டு வந்தது. அதற்கு முன் எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஓட்டுபவரின் காதும் கையுமே தீர்மானித்தன.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் 20 கொண்டையூசி வளைவுகள் உண்டு. 25 பற்கள் போதாமல் பாதி வழியில் நின்றுவிட்ட நான், 32 பற்கள் வரை உள்ள அடுக்கு ஒன்றை வாங்கினேன். பெரிய சக்கரத்துக்குப் பழைய டெரெய்லரின் கை எட்டவில்லை. மலைவண்டிக்கான டெரெய்லருக்குக் கை நீளம். அதுவும் பத்து அடுக்குக்கு உரியதுதான் என்று எண்ணி அதையும் வாங்கினேன். பொருத்திப் பார்த்தால் செயின் எந்தச் சக்கரத்திலும் நிலையாக நிற்கவில்லை. இரண்டு சக்கரங்களுக்கு இடையில் கடகடவென்று முனகிற்று. மூன்று நாள் திருகாணியைத் திருகிய பின்னரே காரணம் விளங்கியது. அடுத்தடுத்த சக்கரங்களுக்கு இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 4 மில்லிமீட்டர். ஒரு சொடுக்குக்குக் கம்பி எவ்வளவு இழுபடுகிறது, அந்த இழுப்புக்கு டெரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்னும் இரண்டின் பெருக்கல் அந்த 4 மில்லிமீட்டருக்குப் பொருந்த வேண்டும். சாலை வண்டிக்கும் மலைவண்டிக்கும் இந்த விகிதம் வேறு. அடுக்கின் எண்ணிக்கை ஒன்றாயிருப்பதை மட்டும் பார்த்து வாங்கியது என் பிழை. மீண்டும் செலவு செய்து, சாலை வண்டிக்கே உரிய நீண்ட கை டெரெய்லரை வாங்கினேன். மாத முடிவில் வீட்டில் என்ன பேச்சுக் கேட்டேன் என்பதை இங்கு எழுத வேண்டியதில்லை.

டயர் மாற்றியது மட்டும் அப்பொழுதே நான் செய்த நல்ல செயல். ஒல்லியான டயரில் காற்றைக் கல்லாக அடைத்தால் வேகம் என்று பலரும் நம்பினர், நானும் நம்பினேன். பின்சக்கரம் 100 பவுண்டு எடையைத் தாங்குகிறது, டயரில் 100 பவுண்டு அழுத்தம் இருக்கிறது என்றால், தரையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர அங்குலம். ஒரு தபால்தலை அளவு! நம் சாலைகளின் கரடுமுரடில் அத்தகைய கடினமான டயர், வண்டியையும் ஆளையும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. அந்த அதிர்வில் போவதும் நாம் மிதித்த சக்தியே. 23 மில்லிமீட்டர் டயரை நீக்கி 28 மில்லிமீட்டர் போட்டு, காற்றை 80 பவுண்டாகக் குறைத்தேன். முதுகுவலி குறைந்தது, வேகம் குறையவில்லை.

ஏறுவதற்கு வேண்டியவை எல்லாம் சேர்ந்துவிட்டன. 2018 ஆகஸ்டில் ஒரு ஞாயிறன்று முதன்முறையாக எங்கும் நிற்காமல் ஏற்காடு ஏறினேன். புறப்படும் முன் கடையில் காற்றடிக்கும்போது கடைக்காரர் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏறுறதுக்கு எல்லாம் வாங்கிட்டீங்க சார். எறங்குறதுக்கு என்ன வாங்குனீங்க?" என்றார். பிரேக் கட்டைகளைத்தான் குறிப்பிட்டார். ரப்பர் தேய்ந்து, இறுகி, அதில் அலுமினியத் துகள்கள் மின்னிக் கொண்டிருந்தன. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று கூறிவிட்டுப் போனேன்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. இயற்பியல் கற்பிப்பவன் அந்த நேரத்தில் மறந்துவிட்ட கணக்கு இது: நானும் வண்டியுமாக 85 கிலோ; இறக்கத்தின் உயரம் ஏறத்தாழ 1000 மீட்டர். பெருக்கினால் எட்டு லட்சம் ஜூலுக்கு மேல் வருகிறது. முப்பது பாகையில் உள்ள ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. காற்றின் தடை ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை நான்கு சிறு ரப்பர் கட்டைகளும் இரண்டு ரிம்களுமே வாங்க வேண்டும். நானோ பயத்தில் பிடியை விடாமல் இழுத்துக்கொண்டே வந்தேன். அது தவறு. வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துப் பிறகு விட்டுவிட வேண்டும். இடையில் ரிம் ஆறும், வேகத்தில் ஒரு பங்கைக் காற்றும் வாங்கிக்கொள்ளும். ஒரு வளைவில் பிடி கைப்பிடியைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. கட்டையின் ரப்பர் தீர்ந்து உலோகம் ரிம்மை உராயும் ஓசை மட்டும் கேட்டது. எதிரே பேருந்து. இடப்புறம் திருப்பிச் சாலையோர வடிகாலில் விழுந்தேன். காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கை தொட்டிலில் கிடந்தது. கரும்பலகையில் இடக்கையால் நான் எழுதிய சமன்பாடுகளை அந்த ஆண்டு மாணவர்கள் இன்றும் நினைவுபடுத்துவதுண்டு. டெரெய்லர்களுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவன் சில நூறு ரூபாய்க் கட்டைகளைத் தள்ளிப்போட்டான் என்பதே செய்தி.

படுத்திருந்தபோது மலைவண்டியின் கதையைப் படித்தேன். அதுவும் பிரேக்கின் கதையாகவே இருந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியாவின் மரின் வட்டாரத்தில், 1976 முதல் சில இளைஞர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களில் மலை மண்பாதை ஒன்றில் இறங்கிப் பந்தயம் விட்டனர். ஏறத்தாழ இரண்டு மைலில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்பின் உள்ளே பிடிக்கும் பிரேக்தான் அவர்களுக்கு இருந்தது. கீழே வருவதற்குள் ஹப்பின் கிரீஸ் கொதித்துப் புகையாகிவிடும். மீண்டும் கிரீஸ் அடைத்த பின்பே அடுத்த ஓட்டம். மீண்டும் அடைத்தல் என்னும் பொருள்படவே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பெயர் வந்தது. அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. கேரி ஃபிஷர் முதலானோர் பழைய சட்டகங்களில் டெரெய்லரும், வலுவான பிரேக்கும், மோட்டார் சைக்கிளின் பிரேக் பிடியும் பொருத்தினர். ஜோ பிரீஸ் 1977 இல் இதற்கென்றே புதிய சட்டகம் கட்டத் தொடங்கினார். 1979 இல் ஃபிஷரும் சார்லி கெல்லியும் இத்தகைய வண்டிகளை விற்கத் தொடங்கினர். குப்பையிலிருந்து எடுத்த வண்டிக்கு ஒவ்வோர் உறுப்பாக மாற்றியதில் ஒரு புதிய வகை வண்டியே பிறந்துவிட்டது.

ஆகவே என் மலைவண்டியில் முதலில் பிரேக்கைத்தான் மாற்றினேன். கம்பி இழுக்கும் தட்டுப் பிரேக்கை நீக்கி எண்ணெய்ப் பிரேக் போட்டேன். பாஸ்கல் விதி அங்கே கண்முன் வேலை செய்கிறது. ஒரு விரலால் அழுத்தினால் போதும். வெப்பத்தைத் தட்டு ஏற்பதால் டயருக்கும் ட்யூபுக்கும் கேடில்லை. சேறு ரிம்மில் அப்பினாலும் பிடிப்புக் குறையாது. முன்னால் இருந்த மூன்று பல்சக்கரங்களை எடுத்துவிட்டு 32 பற்கள் கொண்ட ஒன்றை மட்டும் வைத்தேன். பின்னால் 42 பற்கள் வரை உண்டு. ஒரு மிதிக்கு ஒன்றே முக்கால் மீட்டர். நடப்பவரே முந்திச் செல்லக்கூடும், ஆனால் ஏறாத மேடில்லை.

செயினைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு கண்ணிக்கும் அரை அங்குலம். ஆகவே புதுச் செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம். ஓர் எஃகு அளவுகோலை வைத்துப் பாருங்கள். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடியிருந்தால் செயினை மாற்றிவிட வேண்டும். எட்டில் ஒரு பங்கு கூடும்வரை விட்டால் அது பற்களையும் தேய்த்துவிடும். பிறகு அடுக்கையும் சேர்த்து வாங்க வேண்டும்.

மாணவரிடம், "ஒரு சனிக்கிழமை வண்டியைக் கொண்டு வா தம்பி, பார்க்கலாம்" என்றேன். கொண்டு வந்தார். டெரெய்லரைத் தொங்கவிடப் பின் ஃபோர்க்கில் இடமில்லை. பல அடுக்குச் சக்கரம் நுழைய அகலமும் இல்லை. புதுச் சக்கரம், செயின், பிடி, கம்பி என்று வாங்கினால் சைக்கிளின் விலையைத் தாண்டிவிடும் என்று விளக்கினேன். அவர் முகம் வாடிற்று. இருவருமாகப் பற்களை எண்ணினோம்: முன்னால் 44, பின்னால் 18. பின்னால் 20 பற்கள் கொண்ட ஃப்ரீ வீல் போட்டால் மிதிக்கும் விசை பத்தில் ஒரு பங்கு குறையும். கல்லூரிக்கு எதிரே உள்ள கடையில் அதை மாட்டி, அச்சைச் சற்று முன்னுக்குத் தள்ளிச் செயினைச் சரிசெய்தார்கள். சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்து, பால்ரஸ்களைக் கழுவிப் புதுக் கிரீஸ் வைத்தார்கள். நான்கு பிரேக் கட்டைகளும் கல்லாக இறுகியிருந்தன. அவற்றையும் மாற்றச் சொன்னேன். மொத்தமும் சில நூறு ரூபாயில் முடிந்தது.

திங்கட்கிழமை வகுப்புக்கு முன்பே வந்துவிட்டார். "மேட்டுல எறங்கித் தள்ளல சார். ஆனா சமதரையில கால் வேகமாச் சுத்துது" என்றார். அது அப்படித்தான் இருக்கும், ஒன்றைக் கொடுத்துத்தான் மற்றதைப் பெற்றோம் என்றேன். இறக்கத்தில் பிரேக் எப்படி என்று கேட்டேன். குனிந்து முன்சக்கரத்தின் புதுக் கட்டையை விரலால் தொட்டுக் காட்டினார்.