தாக்கூர் ஸாஹிபின் காவி வண்டி

மொனாக்கோ என்னும் சிறு ராஜ்யத்தில் 2010-ஆம் வருஷம் பழைய மோட்டார் வண்டிகளின் ஏலம் ஒன்று நடைபெற்றது. அதில் விலைக்கு வந்த வண்டிகளுள் ஒன்றின் பெயர் "ஸ்டார் ஆப் இந்தியா", அதாவது இந்திய நட்சத்திரம். கத்தியவார்ப் பிரதேசத்தில் ராஜ்கோட் சமஸ்தானத்தை ஆண்டுவந்த தாக்கூர் ஸாஹிப் தர்மேந்திர சிங்ஜி, 1934-ஆம் வருஷத்தில் இங்கிலாந்துக்கு எழுதித் தமக்கெனச் செய்வித்துக்கொண்ட ரோல்ஸ் ராய்ஸ் வண்டி அது. அந்த ராஜ வம்சத்தின் இன்றைய வாரிசே ஏலத்தில் அதை எடுத்துச் சொந்த ஊருக்கு மீட்டுக்கொண்டார். வண்டிப் பிரியர்கள் அதன் நிறத்தையும் விளக்குகளையும் வாயாரப் புகழ்கிறார்கள். அதை வாங்கிய பணம் யாருடையது என்று கேட்பவர்கள் மட்டும் அரியராய் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியைச் சிறிது விசாரிக்க உத்தேசிக்கிறோம்.

வண்டியின்மேல் நமக்கு யாதொரு பகைமையும் இல்லை. அதைப் புகழ்வதற்கு நியாயம் நிரம்ப உண்டு. ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியார் அக்காலத்தில் முழு வண்டியை விற்பதில்லை. டெர்பி நகரத்துத் தொழிற்சாலையில் எந்திரத்தையும் அடிச்சட்டத்தையும் செய்து கொடுப்பார்கள். மேற்கட்டை வாங்குபவர் தம் இஷ்டம்போல் வேறு கொல்லுப் பட்டறையில் அமைத்துக்கொள்ள வேண்டும். தாக்கூர் ஸாஹிப் தேர்ந்தெடுத்த சட்டம் "பாண்டம் இரண்டு" வகையில் "கான்டினென்டல்" என்ற விசேஷப் பிரிவைச் சேர்ந்தது. சாதாரணச் சட்டத்தைவிட நீளத்தில் சற்றுக் குறைந்தது. ஐரோப்பாக் கண்டத்தின் நெடுஞ்சாலைகளிலும் ஆல்ப்ஸ் மலைப் பாதைகளிலும் தளராமல் விரைந்து போவதற்காக அமைந்தது. எந்திரத்துக்கு ஆறு ஸிலிண்டர்கள். கொள்ளளவு ஏழரை லிட்டருக்கும் அதிகம். ஹென்றி ராய்ஸ் 1933-இல் காலமானார். அவர் உயிரோடிருந்து தாமே வகுத்த பெரிய வண்டிகளில் கடைசியானது இந்த வகைதான். குதிரைச் சக்தி எவ்வளவு என்று கேட்டால், "போதுமான அளவு" என்று விடை சொல்வது அந்தக் கம்பெனியின் வழக்கமாம். கேட்பவன் வக்கீலாக இருந்தால் அந்த விடையோடு விடமாட்டான்!

மேற்கட்டைச் செய்தவர்கள் லண்டனில் கோச்சு வண்டிகள் செய்து பேர் வாங்கிய த்ரப் அண்ட் மேபர்லி கம்பெனியார். வெயிற்காலத்தில் கூரையை மடித்துவிட்டுத் திறந்த வண்டியாகவும், மழைக்காலத்தில் கூரையை விரித்துக் கண்ணாடிகளை ஏற்றி மூடிய வண்டியாகவும் ஓட்டலாம். எந்திர மூடிக்குச் சாயம் பூசாமல் அலுமினியத்தையே வெள்ளிபோல் மெருகிட்டிருக்கிறார்கள். முகப்பில் பல விளக்குகள். வளைவான பாதையில் ஓட்டுபவன் சக்கரத்தைத் திருப்பும்போது விளக்குகளிற் சில தாமும் கூடவே திரும்பி வழி காட்டும். உடல் முழுவதும் காவி நிறம். காவியை மனிதர் உடுத்தினால் துறவு என்கிறோம். இங்கே வண்டி உடுத்தியிருந்தது.

ராஜ்கோட் எவ்வளவு பெரிய ராஜ்யம்? அதன் பரப்பு 300 சதுர மைலுக்கும் குறைவு. ஜனத்தொகை சுமார் 75,000. நம் பக்கத்தில் ஒரு தாலூகாவுக்குக்கூட இதைவிட அதிக ஜனங்கள் இருப்பார்கள். இச்சிறு ராஜ்யத்துக்கு ஒரு பெருமை இருந்தது. தர்மேந்திர சிங்ஜியின் தந்தையாராகிய லாகாஜிராஜ், 1923-இல் பிரஜா பிரதிநிதி சபை என்ற ஒன்றை ஸ்தாபித்தார். அதன் 90 அங்கத்தினரையும் வயது வந்த பிரஜைகள் யாவரும் வோட்டளித்துத் தேர்ந்தெடுத்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவில் சொத்தும் வரியும் உள்ளவருக்கே வோட்டு என்றிருந்த காலம் அது! சபையின் முடிவுகளை ரத்து செய்யும் அதிகாரம் அரசரிடம் இருந்தும், லாகாஜிராஜ் அதை அபூர்வமாகவே பிரயோகித்தார்.

அவர் 1930-இல் காலமாகி, இருபது வயதுப் பிள்ளை பட்டத்துக்கு வந்ததும் காற்று மாறிவிட்டது. பிரதிநிதி சபை தானாகவே செத்துப்போக விடப்பட்டது. அதிகாரம் திவான் வீராவாலாவின் கையில் சேர்ந்தது. அரசரின் செலவுக்குத் தடை சொல்ல அவர் முயலவில்லை. கஜானா வற்றி வரி உயர்ந்தது. அதுவும் போதாமல், தீப்பெட்டி, சர்க்கரை, அரிசி ஆகியவற்றை விற்கும் உரிமையையே தனித்தனி வியாபாரிகளுக்கு ஏகபோகக் குத்தகையாகச் சர்க்கார் விற்றது. சினிமா லைசென்ஸும் இப்படியே குத்தகைக்குப் போயிற்று. ஏகபோகம் என்றால் என்ன நடக்கும் என்பது கடைக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்குத் தெரியும். சாமான்களின் விலை உடனே ஏறிற்று. அடுப்புப் பற்றவைக்கும் ஒவ்வொரு குச்சியிலும் குத்தகைக்காரனின் பங்கு ஒன்று சேர்ந்து எரிந்தது.

தீப்பெட்டிக் குத்தகைப் பணத்தில்தான் வண்டி வாங்கப்பட்டது என்று நாம் குற்றஞ்சாட்டவில்லை. அப்படிச் சொல்லச் சாட்சியம் வேண்டும். சாட்சியமே தேவைப்படாத விஷயம் வேறொன்று உண்டு. அரசரின் சொந்தப் பணம், ராஜ்யத்தின் பொதுப் பணம் என்று இரண்டு பெட்டிகள் அங்கே இல்லை. பெட்டி ஒன்றே, திறவுகோலும் ஒருவர் கையிலேயே. அரிசிக் குத்தகைப் பணமும் நிலவரியும் பஞ்சாலை வருமானமும் விழுகிற அதே பெட்டியிலிருந்துதான் லண்டன் பட்டறைக்கும் பணம் போகக்கூடும்.

அந்த வருஷத்தில் மற்றொரு ராஜ்கோட்டார் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவருடைய தகப்பனார் கரம்சந்த் காந்தி ஒரு காலத்தில் அதே சமஸ்தானத்தில் திவானாயிருந்தவர். மகனும் அவ்வூர்ப் பள்ளியிலேதான் படித்தார். 1934-ஆம் வருஷம் மே மாதத்தில், ஹரிஜன சேவைச் சுற்றுப்பிரயாணத்தின் ஒரு பகுதியாக, ரயிலையும் மோட்டாரையும் விலக்கிவிட்டு அவர் உத்கல தேசத்தின் கிராமங்களைக் கால்நடையாகவே சுற்றத் தொடங்கினார்.

இருவரும் எதிரெதிரே வந்து நிற்க நாலு வருஷம்தான் சென்றது. 1938-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் கோகுலாஷ்டமித் திருவிழாச் சந்தையில் சூதாட்டம் நடத்தும் உரிமையும் குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. அதைக் கண்டித்தவர்களைப் போலீஸார் தடிகொண்டு அடித்தார்கள். மறுநொடியே ஊர் முழுவதும் ஹர்த்தால்! சர்தார் வல்லபபாய் படேல் வந்தார். பிரஜைகளின் சார்பில் அவர் வைத்த கோரிக்கைகளை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொறுப்பாட்சி வேண்டும், பிரதிநிதி சபைக்குத் தேர்தல் வேண்டும், நிலவரியில் நூற்றுக்குப் பதினைந்து குறைக்க வேண்டும், குத்தகைகள் யாவும் ரத்தாக வேண்டும். இவற்றோடு, பொக்கிஷத்திலிருந்து அரசர் தம் சொந்தச் செலவுக்கு எடுக்கும் தொகைக்கு ஒரு வரம்பு வேண்டும். இரண்டாவது பெட்டி ஒன்றைச் செய்து வைக்கச் சொன்ன கோரிக்கை அது. சுயராஜ்யம் என்பதை ராஜ்கோட் குடியானவன் கணக்குப் புஸ்தகத்தில் கண்டான்.

சண்டை டிஸம்பர் 26-ஆம் தேதி சமாதானத்தில் முடிந்ததுபோல் தோன்றிற்று. தம் செலவுக்கு வரம்பு கட்ட அரசர் ஒப்புக்கொண்டார். சீர்திருத்தத் திட்டம் வகுக்கப் பத்துப் பேர் கொண்ட கமிட்டி அமைப்பதாகவும், அவர்களில் ஏழு பேரைப் படேல் சிபார்சு செய்யலாம் என்றும் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஜனவரி மாதம் படேல் பெயர்களைக் கொடுத்தபோது, சிபார்சுதானே, ஏற்பதும் ஏற்காததும் அரசர் இஷ்டம் என்று பதில் வந்தது. கோர்ட்டுகளில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நாள் கடத்தும் வித்தையை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இவ்வளவு துணிச்சலோடு பார்த்ததில்லை. சத்தியாக்கிரகம் மீண்டும் மூண்டது. எழுபதை நெருங்கிய கஸ்தூரிபாய், அவ்வூரில் வாழ்க்கைப்பட்ட மருமகள், அங்கே சென்று சிறைப்பட்டார். மகாத்மாவும் வந்து 1939 மார்ச் 3-ஆம் தேதி உபவாசம் தொடங்கினார். வைஸ்ராய் தலையிட்டு நாலாம் நாள் அதை நிறுத்தினார். திரிபுரி காங்கிரஸ் மகாசபை கூடிய அந்த வாரத்தில் மகாத்மா அங்கே இல்லை, ராஜ்கோட்டில் இருந்தார்.

சொல்லின் பொருளைத் தீர்மானிக்கும் வேலை பெடரல் கோர்ட்டின் பிரதம நீதிபதி ஸர் மாரிஸ் க்வையரிடம் சென்றது. ஏப்ரல் 3-ஆம் தேதி அவர் அளித்த தீர்ப்பு, படேல் சிபார்சு செய்பவரை நியமிக்க அரசர் கட்டுப்பட்டவர் என்பது. வழக்கில் ஜயித்தும் பலன் கிட்டவில்லை. திவானின் கைங்கரியத்தால் ஒவ்வொரு வகுப்பாரும் தத்தமக்கு ஸ்தானம் கேட்டுக் கிளம்பினார்கள். மே மாதத்தில் மகாத்மா அத்தீர்ப்பின் பலனையே துறந்தார். உபவாச காலத்தில் சக்கரவர்த்தியின் பிரதிநிதியை உதவிக்கு அழைத்தது அகிம்சைக்குப் பொருந்தாத நிர்ப்பந்தம் என்பது அவர் சொன்ன காரணம். அவருடைய மனச்சாட்சிக்கு நாம் வணங்குகிறோம். ஆயினும் தீர்ப்புக் கையில் இருக்க, அரிசிக் குத்தகையில் அவதிப்பட்ட குடும்பங்கள் வெறுங்கையோடு வீடு திரும்பியதை நினைக்கையில் இன்றும் மனம் ஆறவில்லை.

தர்மேந்திர சிங்ஜி 1940-இல் மாண்டார். தம்பி பட்டம் ஏறினார். 1948-இல் கத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றுசேர்ந்து சௌராஷ்டிர யூனியன் ஆயின. அதன் முதல் பிரதம மந்திரியாகப் பதவியேற்றவர் யு. என். தேபர், ராஜ்கோட்டில் வக்கீல் தொழிலை விட்டு அந்தக் கிளர்ச்சியில் முன்னின்றவர். பிரஜைகள் கேட்ட இரண்டாவது பெட்டி அப்போது ஒருவாறு கிடைத்தது. அரசரின் சொந்தச் சொத்து வேறு, ராஜ்யச் சொத்து வேறு என்று யூனியன் உடன்படிக்கை பிரித்தது. ஒவ்வோர் அரசரும் தமக்குச் சொந்தமென்று கொள்ளும் சொத்துக்களுக்கு ஜாபிதா கொடுக்க வேண்டும். தகராறு எழுந்தால் இந்திய சர்க்கார் நியமிப்பவர் தீர்ப்பளிப்பார். ஜாபிதாவில் எவை இடம்பெற வேண்டும்? ஸ்தாவர சொத்து, கடன் பத்திரங்கள், ரொக்க இருப்பு, இவ்வளவே. மோட்டார் வண்டி ஜங்கமம். ரத்தினமும் வெள்ளிப் பாத்திரமும் அப்படியே. சட்டத்தின் வலையில் அரண்மனைச் சுவர்கள் அகப்பட்டன. சக்கரம் பூண்டவை ஓடிப்போயின.

காவி வண்டியும் அவ்வாறே 1968-இல் விலையாகிக் கடல் கடந்து ஓர் ஆங்கிலேயரின் சேகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நாலு வருஷத்துக்குள், 1971-ஆம் வருஷத்து இருபத்தாறாவது அரசியல் திருத்தத்தால், அரசர்களின் மானியமும் பட்டமும் ஒழிந்தன.

இன்று அதை வைத்திருப்பவர் தம் பணத்தைக் கொடுத்து வாங்கினார். அவருடைய உரிமையில் நமக்கு ஆட்சேபமில்லை. இப்படிப்பட்ட பொருள் அந்நிய தேசத்தில் கிடப்பதைவிட இங்கே இருப்பதே மேல் என்றும் கருதுகிறோம். நாம் கேட்பது ஒரு சிறு பலகைதான். வண்டி பொதுஜனப் பார்வைக்கு நிற்கும் இடங்களில் தயாரித்த வருஷம், கம்பெனியின் பெயர், எந்திரத்தின் அளவு ஆகியவற்றை எழுதி வைப்பது வழக்கம். அவற்றின் கீழே 1938-ஆம் வருஷத்துக் கோரிக்கைகளையும் எழுதி வைக்கட்டும். நிலவரியில் நூற்றுக்குப் பதினைந்து, தீப்பெட்டி, சர்க்கரை, அரிசி. நாலைந்து வரிகளில் அடங்கிவிடும்.