கடனில் ஓடும் மோட்டார் வண்டி

யானை வாங்குகிறவன் அதற்குத் தீனி போடவும் வழி பார்த்துக்கொண்டுதான் வாங்க வேண்டும் என்பது நம் முன்னோர்கள் கண்ட உண்மை. அமெரிக்க ஐக்கிய நாட்டில் வாசலில் யானை கட்டும் வழக்கம் கிடையாது. அதன் ஸ்தானத்தில் அங்கே மோட்டார் கார் இருக்கிறது. கார் இல்லாத குடும்பம் நூற்றுக்குச் சுமார் எட்டுத்தான். மற்றவர்கள் வீட்டு வாசலில் ஒன்றோ இரண்டோ பளபளவென்று நிற்கின்றன. பார்க்கிறவர்களுக்கு, "ஆஹா! இதுவல்லவோ குபேர பட்டணம்!" என்று தோன்றும். ஆனால் வாசலில் நிற்கும் அந்த வண்டிகளில் பல இன்னும் பாங்கிக்கு ஈடாக இருப்பவை என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

2025-ம் வருஷத்து மூன்றாவது காலாண்டு முடிவில் அமெரிக்க ஜனங்கள் மோட்டார் வண்டிக்காகப் பட்டிருந்த கடன் சுமார் 1.66 லட்சம் கோடி டாலர் என்று நியூயார்க் பெடரல் ரிஸர்வ் பாங்கி கணக்கிட்டது. அந்த நாட்டார் கிரெடிட் கார்டுகளில் வைத்திருந்த பாக்கியைக் காட்டிலும் இது அதிகம். கடன் பெரிதாக இருப்பது மட்டும் விபரீதமில்லை. வாங்கியவன் ஒழுங்காகத் திருப்பிக் கட்டிக்கொண்டிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அந்த ஒழுங்குதான் இப்போது கெட்டு வருகிறது. 2024-ம் வருஷத்தில் மட்டும் தவணை தவறியதற்காகக் கடன் கொடுத்தவர்கள் கைப்பற்றிக்கொண்ட வண்டிகள் ஏறக்குறைய 17 லட்சத்து 30 ஆயிரம் என்று காக்ஸ் ஆட்டோமோடிவ் நிறுவனத்தார் மதிப்பிட்டார்கள். பெரிய பொருளாதார வீழ்ச்சி நேர்ந்த 2009-க்குப் பிறகு இவ்வளவு வண்டிகள் பறிபோனதில்லை.

தவணை பிறந்த கதை

காரைக் கடனுக்கு வாங்கும் வழக்கம் நேற்று முளைத்ததன்று. 1908-ல் ஹென்றி போர்டு தம்முடைய 'மாடல் டி' வண்டியை 850 டாலருக்கு விற்றார். உற்பத்தி பெருகப் பெருக விலையைக் குறைத்துக்கொண்டே வந்து, 1920-களின் மத்தியில் சுமார் 260 டாலருக்கே ஒரு வண்டியைக் கொடுத்தார். விலையைக் குறைத்தால் ஏழையும் வாங்குவான் என்பது அவருடைய சித்தாந்தம். அவருடைய போட்டிக்காரரான ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியார் வேறொரு மார்க்கத்தைப் பிடித்தார்கள். விலை இருந்தபடி இருக்கட்டும், பணத்தை நாமே கடனாகக் கொடுத்துவிடுவோம் என்று 1919-ல் அதற்கென்றே ஒரு கடன் கம்பெனியை ஆரம்பித்தார்கள்.

போர்டுக்குக் கடன் என்றால் பிடிக்காது. 1923-ல் அவர் ஒரு திட்டம் போட்டார். வாரம் ஐந்து டாலர் வீதம் சேமித்து வர வேண்டும். முழு விலையும் சேர்ந்ததும் வண்டி. நம் ஊர்ப் பாட்டிமார்கள் கேட்டால் இதைத்தான் மெச்சுவார்கள். ஆனால் பக்கத்துக் கடையில் இன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம் என்கிறபோது, யார் ஒரு வருஷம் காத்திருப்பார்கள்? திட்டம் படுத்துவிட்டது. 1928-ல் போர்டு கம்பெனியும் கடன் கொடுக்கும் ஸ்தாபனம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டது. அன்று ஜயித்த தவணைதான் இன்றளவும் அந்த நாட்டு ரஸ்தாக்களில் ராஜ்யபாரம் செய்கிறது.

விலை ஏறிய விதம்

2020-ல் கொள்ளை நோய் வந்தது. கார் வாங்க ஆள் வரமாட்டார்கள் என்று எண்ணிய கம்பெனிகள், வண்டிகளுக்கு வேண்டிய சில்லு என்னும் மின்னணுப் பொருளுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்து செய்தன. சில்லு செய்கிறவர்கள் கம்ப்யூட்டர், டெலிபோன் முதலியவற்றுக்கு அவற்றை விற்கத் தொடங்கினார்கள். ஜனங்கள் மறுபடியும் கார் கேட்டபோது சில்லு இல்லை. 2021-ல் பல தொழிற்சாலைகள் அடிக்கடி மூடிக் கிடந்தன. கிடைத்த கொஞ்சம் சில்லுகளையும் லாபம் அதிகமுள்ள பெரிய வண்டிகளுக்கே கம்பெனிகள் உபயோகித்தன. புது வண்டி அகப்படாதவர்கள் பழைய வண்டியை நாடினார்கள். 2022 ஜனவரியோடு முடிந்த பன்னிரண்டு மாதத்தில் பழைய கார்களின் விலை 40 சதவிகிதத்துக்குமேல் ஏறிவிட்டது!

விலை ஏறினால் வட்டியாவது இறங்க வேண்டும். அதுவும் நேர்மாறாக நடந்தது. விலைவாசியைக் கட்டுப்படுத்துவதற்காக, 2022 மார்ச்சு வரையில் ஏறக்குறையப் பூஜ்யமாக இருந்த வட்டி விகிதத்தை அமெரிக்க மத்திய பாங்கி 2023 ஜூலைக்குள் ஐந்தேகால் சதவிகிதத்துக்குமேல் உயர்த்தியது. பிற்பாடு கொஞ்சம் குறைத்தது உண்மைதான். ஆயினும் 2025-ல் புதுக் காருக்குச் சராசரி வட்டி சுமார் 7, பழைய காருக்குச் சுமார் 11 என்ற அளவில் இருந்தது.

இதற்கிடையில் இன்ஷூரன்ஸ் கட்டணமும் தன் பங்கைச் செய்தது. 2024 ஏப்ரலோடு முடிந்த ஒரு வருஷத்தில் அது 22 சதவிகிதத்துக்குமேல் உயர்ந்தது. முன்பெல்லாம் வண்டியின் முகப்பு ஒடுங்கினால் ஒரு சுத்தியலை வைத்துத் தட்டி நிமிர்த்திவிடலாம். இப்போது அந்த முகப்புக்குள் காமிராவும் உணர்கருவியும் ஒளிந்திருக்கின்றன. லேசாக இடித்தாலும் பில் ஆயிரக்கணக்கில் வருகிறது. 2025 ஏப்ரலில் வெளிநாட்டுக் கார்களுக்கு விதிக்கப்பட்ட 25 சதவிகிதச் சுங்க வரி இன்னொரு கவலை. சில நாடுகளுக்கு அதைப் பின்னர்க் குறைத்தார்களே தவிர, பழைய நிலை திரும்பவில்லை.

இவையெல்லாம் சேர்ந்து, புதுக் காரின் சராசரி விலை 2025 செப்டம்பரில் முதல் தடவையாக 50 ஆயிரம் டாலரைத் தாண்டியது. ஒரு நடுத்தர அமெரிக்கக் குடும்பத்தின் 2024-ம் வருஷ வருமானம் 83 ஆயிரத்துச் சொச்சம் டாலர். உண்ணாமல் உடுக்காமல் ஏழு மாத வருமானத்தைச் சேர்த்துவைத்தால் ஒரு கார் வாங்கலாம் என்று ஏற்படுகிறது.

ஒரு சின்னக் கணக்கு

இவ்வளவு விலை கொடுத்து எப்படி வாங்குகிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். இங்கேதான் விற்பனைக்காரரின் சாமர்த்தியம் இருக்கிறது. அவர் விலை என்ன என்று சொல்வதே இல்லை, "மாதம் உங்களால் எவ்வளவு முடியும்?" என்றுதான் கேட்கிறார். நாம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டுப் பழகியவர்களாதலால், இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம்.

42,000 டாலர் கடன். வட்டி 7 சதவிகிதம். நான்கு வருஷத் தவணையானால் மாதம் சுமார் 1,006 டாலர் கட்ட வேண்டும். ஏழு வருஷமானால் மாதம் 634 டாலர்தான். மாதம் 372 டாலர் குறைந்துவிட்டதே என்று மனம் குளிர்கிறது. ஆனால் மொத்த வட்டியைப் பாருங்கள். நான்கு வருஷத்தில் சுமார் 6,300 டாலர். ஏழு வருஷத்தில் சுமார் 11,200 டாலர். அது மட்டுமா? ஏழு வருஷக்காரர் முதல் வருஷத்தில் கட்டுவது 7,600 டாலர். அதில் அசலுக்குச் சேருவது 4,800-தான். கடன் ஆமை வேகத்தில் இறங்குகிறது. காரின் மதிப்போ கடையை விட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிக்கொண்டிருக்கிறது.

ஆகவே, வண்டியின் விலையைவிட வண்டியின் மேலுள்ள கடன் அதிகமாகிவிடுகிறது. 2025-ல் பழைய காரைக் கொடுத்துப் புதுக் கார் வாங்க வந்தவர்களில் சுமார் நான்கில் ஒருவர் இந்த நிலையில் இருந்தார். 2021, 2022-ல் உச்ச விலை கொடுத்து வாங்கியவர்கள் பலர், பின்னால் பழைய கார் விலை சரிந்தபோது இப்படி அகப்பட்டுக்கொண்டார்கள். பழைய பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். இல்லாத காருக்கும் இருக்கிற காருக்கும் ஒருங்கே தவணை கட்டும் விந்தை இவ்விதம் உண்டாகிறது. 2025-ல் புதுக் கார் வாங்கியவர்களில் சுமார் ஐவரில் ஒருவருடைய மாதத் தவணை ஆயிரம் டாலர் அல்லது அதற்கும் மேல்!

மார்க்கு குறைந்தவர்கள்

மார்க்கு வாங்குவது பள்ளிக்கூடத்தோடு முடிந்துபோகும் என்று நம் மாணவர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவில் அது ஆயுள் பரியந்தம் தொடர்கிறது. ஒருவன் கடனை ஒழுங்காகக் கட்டினானா என்று பார்த்து 300 முதல் 850 வரையில் அவனுக்கு நாணய மார்க்குப் போடுகிறார்கள். மார்க்கு அதிகமானால் வட்டி குறைவு. மார்க்கு குறைந்தால் வட்டி அதிகம். கையில் பணமுள்ளவனுக்கு மலிவாகவும், இல்லாதவனுக்குக் கிராக்கியாகவும் கடன் கிடைக்கிறது. குறைந்த மார்க்குக்காரர் 20,000 டாலருக்கு ஒரு பழைய வண்டியை 18 சதவிகித வட்டியில் ஆறு வருஷத் தவணைக்கு எடுத்தால், முடிவில் அவர் கட்டியிருப்பது 32,800 டாலருக்கு மேல். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற பழமொழிக்கு இனி வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை.

தவணை தவறுகிறவர்கள் பெரும்பாலும் இவர்களே. பத்திரங்களாக மாற்றி விற்கப்பட்ட கார்க் கடன்களைக் கவனித்துவரும் பிட்ச் நிறுவனத்தின் கணக்கில், 2025 ஜனவரியில் மார்க்கு குறைந்தவர்களில் 6.56 சதவிகிதம் பேர் இரண்டு மாதத்துக்குமேல் பாக்கி வைத்திருந்தார்கள். 1990-களில் கணக்கெடுக்கத் தொடங்கிய நாள் முதல் அதுவே உச்சம். அதே வருஷம் அக்டோபரில் அந்த உச்சமும் முறிந்து 6.65 ஆயிற்று. நல்ல மார்க்குள்ளவர்களிடையே இப்படிப் பாக்கி வைத்தவர்கள் அரை சதவிகிதம்கூட இல்லை. ஒரே தேசத்தில் இரண்டு தேசங்கள் இருப்பதை இந்த இரண்டு எண்களும் காட்டுகின்றன.

2025 செப்டம்பரில் இத்தகையவர்களுக்கே வண்டி விற்றுக் கடனும் கொடுத்துவந்த டிரைகலர் என்னும் டெக்ஸாஸ் கம்பெனி திவாலாயிற்று. ஒரே கடனை ஒன்றுக்கு மேற்பட்ட பாங்கிகளிடம் ஈடு காட்டிப் பணம் வாங்கியதாக அதன் தலைவர்கள்மீது டிசம்பரில் சர்க்கார் வழக்குத் தொடர்ந்தது. பெரிய பாங்கிகளும் கோடிக்கணக்கில் இழந்தன.

வண்டி போனால் வேலை போகும்

வட்டிக் கணக்கைவிட நம் மனத்தை அதிகமாக உறுத்துவது வேறொன்று. நியூயார்க் போன்ற ஒரு சில நகரங்களை விட்டால், அந்தப் பரந்த தேசத்தில் பஸ்ஸையோ ரயிலையோ நம்பி வேலைக்குப் போக முடிகிறவர்கள் சொற்பம். வீடு ஓரிடம், தொழிற்சாலை இருபது மைலுக்கு அப்பால், கடை இன்னொரு திக்கில். "வீட்டை ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, வண்டியிலோ அவசரத்துக்குப் படுத்துத் தூங்கலாம்" என்று அங்கே பேசிக்கொள்வதுண்டு. அதனால், எந்தக் கடனை நிறுத்தினாலும் கார்க் கடனை மட்டும் நிறுத்தமாட்டார்கள். அதுவே நின்றுபோகிறது என்றால், மற்றச் செலவுகளையெல்லாம் சுருக்கி, இனிச் சுருக்க ஒன்றுமில்லாத இடத்துக்கு அந்தக் குடும்பம் வந்துவிட்டது என்றே அர்த்தம்.

தவணை தவறினால் பல மாகாணங்களில் கோர்ட்டுக்குப் போகாமலே வண்டியை எடுத்துப் போகலாம். கலகம் விளைவிக்கக் கூடாது, அவ்வளவுதான். அதனால் பெரும்பாலும் இரவு வேளையில் இழுவை லாரி வருகிறது. சில கடன்காரர்கள் வண்டிக்குள்ளேயே ஒரு கருவியைப் பொருத்திவிடுகிறார்கள். பணம் வராவிட்டால் எஞ்சின் கிளம்பாது. பிடித்துப்போன வண்டி ஏலத்தில் குறைந்த விலைக்குப் போகிறது. ஏலத் தொகை போக மிச்சக் கடனும், இழுத்துப்போன கூலியும் பழைய சொந்தக்காரர் தலையில்தான் விழுகின்றன. காலையில் எழுந்து பார்த்தால் வண்டி இல்லை. வண்டி இல்லாததால் வேலைக்குப் போக வழியில்லை. வேலை இல்லாததால் மிச்சக் கடனைக் கட்டவும் வழியில்லை.

சர்க்கார் என்ன செய்தது? 2025 ஜூலையில் நிறைவேறிய சட்டப்படி, அமெரிக்காவிலேயே பூட்டப்பட்ட புதுக் காருக்கான கடன் வட்டியில் வருஷம் 10,000 டாலர் வரையில் வருமான வரிக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம். நல்லதுதான். ஆனால் இரவில் வண்டியைப் பறிகொடுக்கிறவர் பெரும்பாலும் பழைய கார் வாங்கியவர். அவர் கட்டும் வருமான வரியும் சொற்பம். மருந்து ஒரு வீட்டுக்கும் வியாதி இன்னொரு வீட்டுக்குமாகப் போய்விட்டது.

அமெரிக்கர்கள் எல்லோரும் கடனில் மூழ்கிவிட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பெரும்பாலோர் ஒழுங்காகவே கட்டிவருகிறார்கள். ஆயினும் மலிவான சின்ன வண்டிகளைச் செய்வதைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு, பஸ்ஸும் ரயிலும் எட்டாத தூரத்தில் வீடுகளும் எழும்பிவிட்டால், கார் ஆடம்பரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அரிசி பருப்பைப் போல அதுவும் அத்தியாவசியமாகிவிடுகிறது. அத்தியாவசியமான பொருளை 18 சதவிகித வட்டிக்கு வாங்குகிறவனை ஊதாரி என்று ஏசுவது நியாயமாகாது.

ஏழு வருஷத் தவணை நம் நாட்டுக் கார்க் கடைகளிலும் கிடைக்கிறது. "மாதம் எவ்வளவு முடியும், ஸார்?" என்ற இனிமையான குரல் இங்கேயும் கேட்கிறது. அந்தக் குரலைக் கேட்கும் குடும்பஸ்தர்கள் கையெழுத்துப் போடுமுன் ஒரு காகிதத்தில் மூன்று தொகைகளை எழுதிப் பார்க்கட்டும்: முடிவில் கட்டப்போகும் மொத்தப் பணம், இன்ஷூரன்ஸும் பெட்ரோலும் ரிப்பேரும் சேர்ந்த மாதச் செலவு, மூன்றாவது வருஷத்தில் இருக்கப்போகும் கடன் பாக்கி. ஐந்தாம் பாரம் படிக்கும் பையன்கூட இதைப் போட்டுக் கொடுத்துவிடுவான். வீட்டில் அப்படி ஒரு பையன் இருந்தால், அவனையே கூப்பிட்டுப் போடச் சொல்வது உத்தமம். அவனுக்கும் கூட்டு வட்டி எதற்காகக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பது விளங்கிவிடும்.