வண்டி கட்டிக்கொண்டு வில்லிபுத்தூருக்கு!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே சுமார் 12 கிலோமீட்டர். பழைய கணக்கில் ஏழரை மைல். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, கண்டக்டரிடம் பாக்கிச் சில்லறை கேட்டு வாங்குவதற்குள் கோபுரம் தெரிந்துவிடும். இந்தத் தூரத்துக்குச் சென்னையில் உட்கார்ந்துகொண்டு இரண்டு மாதம் ஏற்பாடு செய்தோம் என்றால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டிலும் முதலில் சிரிக்கத்தான் செய்தார்கள்.

எல்லாம் என் மாமியாரின் ஆசையால் வந்தது. கல்யாணமான முதல் ஆடியில், ஆண்டாளின் பூரத் தேர் பார்க்க, ராஜபாளையத்திலிருந்து அவர் கூண்டு வண்டியில் போனாராம். நடுநிசிக்கு மேல் வண்டி பூட்டினார்களாம். வைக்கோல் மெத்தை, அதன்மேல் ஜமக்காளம், வண்டிக்கு அடியில் ஆடிக்கொண்டே வரும் அரிக்கேன் விளக்கு. "இன்னொரு தடவை அப்படிப் போகணும்" என்றார். அவருக்கு வயது 82. 'அடுத்த வருஷம் பார்க்கலாம்' என்று தட்டிக் கழிக்கிற வயதா அது?

"ஜட்காவானால் சீக்கிரம் போய்விடலாமே!" என்றார் என் கணவர். ஜட்காவுக்கு எங்கே போவது? கூண்டு போட்ட மாட்டு வண்டி கிடைப்பதற்கே உறவினர் பலர் அலைய வேண்டியிருந்தது. ஒருவழியாக ஒரு வண்டிக்காரர் அகப்பட்டார். ஆபீஸ் வேலைக்கு நடுவே செல்போனில் அவரைப் பிடித்து, "ஏழு மணிக்குப் புறப்பட்டால் எட்டரைக்குப் போய்விடலாமா? பத்து மணிக்கு நான் போனில் ஒரு மீட்டிங் பேச வேண்டும்" என்று கேட்டேன்.

"உங்களுக்கு அவசரம்னு எனக்குத் தெரியுது, தாயீ. மாட்டுக்குத் தெரியாதே!" என்றார்.

பாரம் இழுக்கும் காளை மணிக்கு மூன்று, நான்கு கிலோமீட்டர் நடக்கும். அவ்வளவுதான். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். நான்கு மணி நேரம் என்று கணக்கு வைத்து, அந்த நாள் முழுவதற்கும் லீவு எழுதிக் கொடுத்தேன்.

அடுத்து வந்தது சட்டம்! வண்டி மாட்டுக்கும் சட்டம் உண்டு, தெரியுமோ? 1965-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகளின்படி, வண்டியில் நான்கு பேருக்கு மேல் ஏறக் கூடாது. வண்டிக்காரரும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் கணக்கில் சேர்த்தியில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வு தராமல் ஓட்டக் கூடாது. உஷ்ணம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 மணி வரை மாட்டைப் பூட்டவே கூடாது. நாங்களோ மாமியார், நாத்தனார், நாங்கள் இருவர், பத்தும் பன்னிரண்டும் வயதான இரண்டு பெண்கள் என்று ஆறு பேர். ஆக, எப்போதும் இரண்டு பேர் நடந்தாக வேண்டும். 1840-களில் அமெரிக்காவின் ஓரிகன் பிரதேசத்துக்கு 3,000 கிலோமீட்டருக்கு மேல் வண்டியில் போன குடும்பங்கள்கூடப் பெரும்பாலும் வண்டி கூடவே நடந்துதான் போயிருக்கின்றன. சினிமாவில் பார்க்கிற மாதிரி குதிரையும் இல்லை. அதிகமாகப் பூட்டியது காளைகளைத்தான்.

ஆகவே தினமும் காலையில் மூன்று கிலோமீட்டர் நடை. மாலையில் டெலிவிஷன் பார்க்கிற அரை மணியைச் சோபாவில் கழிக்காமல், தரையில் சம்மணம் போட்டுக் கழித்தோம். கூண்டு வண்டியில் நாற்காலி கிடையாதே! முதல் நாள் என் கணவரைப் பெண்கள் இருவரும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். மாமியாருக்கு இந்தப் பயிற்சி தேவைப்படவில்லை.

ஒன்று மட்டும் முடியாமல் போயிற்று. அது இப்போது கொல்லம் - திருமங்கலம் தேசிய நெடுஞ்சாலை. ராத்திரி லாரிகள் பறக்கிற சாலையில் அரிக்கேன் விளக்கை நம்பி வண்டியை விடுவதா? வண்டிக்காரர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். விடிந்த பிறகு, வண்டியின் பின்னால் சிவப்பு ஒளிப் பட்டை ஒட்டிக்கொண்டுதான் புறப்பாடு. சொன்னதும் மாமியார், "அப்போ பஸ்ஸிலேயே போயிடலாம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

யோசனை சொன்னவர் வண்டிக்காரர்தான். முதல் நாள் ராத்திரி வண்டியைத் தோப்பிலே முட்டுக் கொடுத்து நிறுத்திவைக்கிறேன். பெரியம்மா அதிலேயே படுத்துக்கொள்ளட்டும். விடிந்ததும் பூட்டலாம் என்றார்!

பொதிகை எக்ஸ்பிரஸில் போய் இறங்கினோம். சகோதரிகளே, நீங்களும் இப்படிப் போவதானால் ஏறுவதற்கு முன் சிலவற்றைக் கேட்டுப் பாருங்கள். காளைக்கு லாடம் சரியாக இருக்கிறதா? பிளவுபட்ட குளம்பு, ஆகையால் காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு. ஒன்று கழன்றாலும் தார் ரோட்டில் நொண்டும். அச்சுக்கு மை போட்டாயிற்றா? தார்க்குச்சியில் ஆணி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உட்காருவதிலும் விஷயம் இருக்கிறது. எல்லோரும் முன்னால் நெருக்கினால் பாரம் மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்னால் சாய்ந்தால் நுகத்தடி மேலே தூக்கி, கழுத்துக் கயிறு இறுக்கும். கனமான மூட்டையை நடுவில் வையுங்கள்.

சாப்பாட்டுக்கு மிளகாய்ப் பொடி தடவிய இட்லி, புளியோதரை. தயிர் சாதத்துக்குக் குழைய வடித்த சாதத்தில் பால் விட்டு, ஒரே ஒரு கரண்டி தயிர் சேர்த்தால் மத்தியானம் வரை புளிக்காது. மீந்ததை மாட்டுக்குப் போடுவது புண்ணியம் என்று எண்ணிவிடாதீர்கள். சாதம் அதிகமாகத் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பி உயிருக்கே ஆபத்து. புண்ணாக்குத் தண்ணீர் போதும்.

தேருக்கு முதல் நாளையே தேர்ந்தெடுத்தோம். தேரன்று அந்த ஜனசமுத்திரத்தில் மாட்டைக் கொண்டுபோய் நிறுத்துவது பாவம். இடது பக்கம் மேற்கு மலைத் தொடர் கூடவே வந்தது. ஆடிக் காற்று கூண்டுக்குள் புகுந்து புறப்பட்டது. லாரி கடக்கும்போதெல்லாம் என் நெஞ்சு படபடத்தது, உண்மைதான். காளைகள் அசையவில்லை. ராத்திரி எல்லோரும் கொசுவோடு போராடியிருக்க, தோப்பில் வண்டிக்குள் தூங்கியெழுந்த மாமியார் மட்டும் தெளிவாக உட்கார்ந்திருந்தார். வடபத்திரசாயி கோயிலின் 11 நிலைக் கோபுரம் தெரிந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இறங்கி, என் தோளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். "அன்னிக்கும் இங்கேதான் இறக்கி நடக்கவிட்டாங்க" என்றார்.

கூலி விஷயத்தில் கணக்குப் பார்க்காதீர்கள். வெறும் வண்டியோடு அவர் திரும்பிப் போக வேண்டும். ஆகவே இரு வழிக்கும் கொடுப்பதுதான் நியாயம். நாங்கள் அப்படியே கொடுத்தோம். மாமியார் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தனியாக ஒரு நோட்டை எடுத்து நீட்டினார்.

"இது எதுக்கு, பெரியம்மா?"

"உனக்கில்லைப்பா. பருத்திக்கொட்டை வாங்கிப் போடு."