கொல்லைக் கத்தரிக்கு மருந்து கேட்கும் முன்...

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ளது தாமல். பெரிய ஏரி உள்ள ஊர். இவ்வட்டாரத்தில் ஏரும் தறியும் ஒரே குடும்பத்தில் நடப்பது உண்டு. வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் கொல்லை இருந்தாலும் போதும். அதில் ஒரு முருங்கை, ஒரு பப்பாளி, பத்துக் கத்தரிச் செடி, வேலியில் ஓர் அவரைக் கொடி வைத்துவிடலாம்.

இப்படிப்பட்ட கொல்லைகளில் பல ஊர்களிலும் ஒரு தவறு நடந்து வருகிறது. வயலில் தெளித்தது போகத் தெளிப்பானின் அடியில் கொஞ்சம் மருந்து மிஞ்சும். "வீணாகப் போவானேன்" என்று அதைக் கத்தரிக்கும் வெண்டைக்கும் அடித்துவிடுகிறோம். வயல் பயிருக்கு மருந்து தெளித்தால் அறுவடைக்கு முன் இத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்ற கணக்கு உண்டு. கொல்லைக் காயையோ ஒன்று விட்டு ஒரு நாள் பறிக்கிறோம். இன்று தெளித்தது நாளைக் குழம்பில் வந்து சேருகிறது. அதை முதலில் உண்பது வீட்டுக் குழந்தைகள்தாம்.

மோனோகுரோட்டோபாஸ் மருந்தைக் காய்கறிகளில் தெளிக்கக் கூடாது என்று மத்திய அரசு 2005-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்துப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். அவ்வுணவில் கலந்திருந்தது இதே மருந்துதான். பூச்சிமருந்துக் கலனை வீட்டுப் புழக்கத்துக்கு எடுப்பதும், மிஞ்சிய மருந்தை வீட்டுப் பக்கம் கொண்டுவருவதும் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. காலியான கலனை மூன்று முறை கழுவி, கழுவிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி வயலில் தெளித்துவிட்டு, கலனில் ஓட்டை போட்டுவிட வேண்டும். பிறகு அது கொல்லைக்கு நீர் மொள்ளவும் உதவாது, அதுவே நல்லது.

யாரைக் கேட்பது?

அப்படியானால் கொல்லைச் செடியில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது? மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் தோட்டக்கலை அறிந்தவர்களிடம் போக வேண்டும். தமிழ்நாட்டில் தோட்டக்கலைக்கெனத் தனித்துறை 1979-ல் ஏற்பட்டது. ஒவ்வொரு வட்டாரத்திலும் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. இந்தியாவின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கப்பட்டது. செய்து பார்த்துக் கற்பதே இந்நிலையங்களின் நோக்கம். காஞ்சிபுரம் பக்கத்து விவசாயிகளுக்கு அருகில் உள்ளது காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையம். இதைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் நடத்துகிறது. நேரில் போக இயலாதவர்கள் 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே கேட்கலாம்.

வெறுங்கையோடு போகக் கூடாது. பூச்சி தாக்கிய இலை, காய், தண்டு ஆகியவற்றைக் காலையில் பறித்துக் காகிதப் பையில் போட்டு எடுத்துச் செல்ல வேண்டும். என்று விதைத்தோம், என்ன எரு இட்டோம், என்ன தெளித்தோம் என்பதை ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். அனுபவம் மிக்க அலுவலரிடம் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"ஐயா, கத்தரி வாடுது. என்ன மருந்து அடிக்கிறதுங்க?"

"முழுச் செடியும் வாடுதாம்மா, நுனி மட்டும் தொங்குதா?"

"நுனிதாங்க தொங்குது."

"அந்த நுனியைக் கிள்ளிப் பிளந்து பார்த்தீங்களா?"

அந்தக் கேள்வியில்தான் பாடம் இருக்கிறது. முழுச் செடியும் வாடினால் குறை வேரிலோ மண்ணிலோ இருக்கும். நுனி மட்டும் தொங்கினால் தண்டுக்குள் புழு இருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. குறையை அறியாமல் தெளிக்கும் மருந்தால் காசும் போகும், காயும் கெடும்.

தண்டுக்குள் இருக்கும் புழு

கத்தரியைத் தாக்கும் தண்டு மற்றும் காய்த் துளைப்பான் முதலில் இளந்தண்டைக் குடையும்; காய் பிடித்த பிறகு காய்க்குள் புகும். உள்ளே போய்விட்ட புழுவை மேலே தெளிக்கும் மருந்து எளிதில் தொடாது. ஆகவே தொங்கும் நுனியை வாடிய இடத்துக்கு ஓர் அங்குலம் கீழே கிள்ளி எடுத்து எரித்துவிட வேண்டும். துளை விழுந்த காயைக் குப்பையில் எறியக் கூடாது. எறிந்தால் புழு வெளியேறி மண்ணில் கூட்டுப்புழுவாகி மறுபடியும் அந்துப்பூச்சியாக வரும். பத்துச் செடிக்கு இவ்வேலை வாரம் இருமுறை கால் மணி நேரம்தான்.

எல்லா வண்டும் பகையா?

கத்தரி இலையில் புள்ளி போட்ட வண்டைக் கண்டதும் நசுக்குகிறோம். அதில் இரண்டு வகை உண்டு. உடல் மங்கலாக, மெல்லிய ரோமத்துடன், நிறையக் கரும்புள்ளிகளோடு இருந்தால் அது இலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும் எபிலாக்னா வண்டு. அதன் புழு மஞ்சளாக, முட்கள் நிறைந்து, இலையின் அடியில் இருக்கும். இலையைத் திருப்பி முட்டைக் குவியலையும் புழுவையும் கையால் எடுத்து சோப்பு நீரில் போட்டுவிடலாம்.

உடல் பளபளப்பாக இருந்தால் அது பொறிவண்டு. அசுவினிப் பூச்சிகளைத் தின்னும் நம் கூலியில்லா வேலையாள். அதன் புழு கருமையாக, நீண்டு, சிறு முதலை போல அசுவினிக் கூட்டத்தின் நடுவே ஊர்ந்துகொண்டிருக்கும். அதையும் பூச்சி என்று எண்ணி மருந்தடித்தால் அசுவினி இன்னும் பெருகும்.

பப்பாளியில் கண்ட பாடம்

இதைத் தமிழகம் முழுவதும் உணர்ந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2008-ல் கோவைப் பகுதியில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்ஸிகோ, மத்திய அமெரிக்கப் பகுதிகளைச் சேர்ந்த பூச்சி அது. பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளி, பட்டுப்புழுவுக்கு உணவான மல்பெரி எனப் பல பயிர்களுக்கும் பரவியது. வெள்ளை மாவு படிந்த அதன் உடலில் மருந்து ஒட்டவில்லை. திரும்பத் திரும்பத் தெளித்தும் பூச்சி திரும்பத் திரும்ப வந்தது.

இதன் இயற்கை எதிரி இங்கே இல்லாததுதான் காரணம் என்று பூச்சியியல் அறிஞர்கள் கண்டனர். 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய குளவி தருவிக்கப்பட்டு, பெங்களூரில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனத்தில் சோதிக்கப்பட்டது. பின்னர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. அக்குளவி மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடும். பொரிந்த புழு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். சில மாதங்களில் தாக்குதல் பெரிதும் அடங்கியது. குளவி விட்ட இடத்தில் மருந்து தெளிக்காதீர்கள் என்பதே அறிஞர்கள் அப்போது வற்புறுத்திச் சொன்ன நிபந்தனை.

தாமல் கொல்லையில் நிற்கும் ஒற்றைப் பப்பாளிக்கும் இது பொருந்தும். மாவுப்பூச்சி தென்பட்டால் முதலில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, குளவியை அண்டவிடாமல் விரட்டும். எறும்பை ஏறவிடாமல் தடுத்து, பூச்சி மிகுந்த இலைகளை அகற்றி, மற்றதை நீரைப் பீய்ச்சிக் கழுவிவிட்டால் பெரும்பாலும் போதும்.

வேப்பங்கொட்டைக் கரைசல்

கையால் எடுத்தும் அடங்காவிட்டால் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிக்கலாம். பத்து லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம் பருப்பு வேண்டும். பருப்பை இடித்துத் துணியில் மூட்டையாகக் கட்டி இரவு முழுவதும் நீரில் ஊறவிட்டு, பால் நிறம் வரும்வரை பிழிந்து வடிகட்ட வேண்டும். 20 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்தால் இலையில் ஒட்டும். மாலை வேளையில் இலையின் அடிப்புறம் நனையத் தெளிக்க வேண்டும். அன்றன்று கரைத்ததை அன்றே பயன்படுத்த வேண்டும். கொட்டை பொறுக்கி மூன்று மாதம் ஆகியிருக்க வேண்டும். பத்து மாதத்துக்கு மேற்பட்ட பழங்கொட்டை பயன் தராது. காயைப் பறித்த பிறகு தெளிப்பது நல்லது. அடுத்த பறிப்பைக் கழுவிச் சமைக்க வேண்டும்.

மண்ணும் நீரும்

செடி வலுவாக இருந்தால் பூச்சியைத் தாங்கும். அதற்கு மண்ணில் மக்கு வேண்டும். ஆறடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு குழி எடுத்து, சருகு, காய்கறிக் கழிவு, சாணக் கரைசல், சிறிது மண் என அடுக்கடுக்காகப் போட்டு ஈரம் காயாமல் மூடி வைத்தால் மூன்று நான்கு மாதங்களில் நல்ல எரு கிடைக்கும். மண்ணைச் சோதிக்க விரும்புவோர், நாலைந்து இடங்களில் அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, அதன் பக்கத்தைச் சீவிய மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ எடுத்துச் சென்றால் போதும்.

அரிசி, காய்கறி கழுவிய நீரை எல்லாச் செடிக்கும் ஊற்றலாம். சோப்பு கலந்த நீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம்; கீரைப் பாத்திக்கு விடக் கூடாது. வீட்டில் நூலுக்குச் சாயம் தோய்ப்பவர்கள் சாயத் தண்ணீரைக் கொல்லைப் பக்கமே விடலாகாது.

பாத்தியும் பட்டமும்

ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 கிராம் காய்கறியும் கீரையும் வேண்டும் என்பது சத்துணவுக் கணக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது. இதற்கு ஐந்து சென்ட் தோட்டம் போதும் என்பது தோட்டக்கலையார் கணக்கு. இரண்டு சென்ட்தான் உள்ளவர்கள் கீரை, கத்தரி, மிளகாய், வேலிக் கொடி என்று சுருக்கிக்கொள்ளலாம்.

முருங்கை, வாழை, கறிவேப்பிலையை வடக்கு ஓரத்தில் வைத்தால் பாத்திகளில் நிழல் விழாது. விதையிலிருந்தே வளர்ந்து முதலாண்டிலேயே காய்க்கும் பி.கே.எம். 1 முருங்கை, பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்தது. முளைக்கீரையைப் பத்து நாளுக்கு ஒருமுறை சிறு பாத்தியில் விதைத்து வந்தால் தொடர்ந்து கீரை கிடைக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று போன பாத்தியில் மற்றொன்றை வைக்காமல் அவரை, கொத்தவரை போன்ற பயறு இனத்தை வைத்தால் நோய் தொடராது. இப்பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். அதற்கு முன்பே பாத்தியை மேடாக்கி வடிகால் எடுத்துவிட வேண்டும்.

ஆகவே விவசாய அன்பர்களே, வயல் மருந்து வயலோடு நிற்கட்டும். கொல்லையில் ஒரு செடி வாடினால் இலையைத் திருப்பிப் பாருங்கள், நுனியைப் பிளந்து பாருங்கள், புரியாததைக் காகிதப் பையில் போட்டுக்கொண்டு தோட்டக்கலை அலுவலகத்துக்குப் போங்கள். கற்றுவந்ததை அடுத்த வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள். வேலிக்கு அப்பால் அடிக்கும் மருந்தும் நம் கொல்லைப் பொறிவண்டைக் கொல்லும்.