அறையும் இசையும் – 9: மூலையை நாடும் ஸ்பீக்கர், மூலையை விலக்கும் ஸ்பீக்கர்

இசை கேட்பதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கி, அதற்கு உயர்தர ஸ்பீக்கர் தேடுவோர் பெரும்பாலும் ஸ்பீக்கர்களை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிடுகிறார்கள். காதை வந்தடையும் கீழ்ச்சுரங்களை வடிவமைப்பதில் அறைக்கு இருக்கும் பெரும்பங்கு அந்த ஒப்பீட்டில் இடம்பெறுவதே இல்லை. எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையேயுள்ள தொலைவு ஓர் ஒலியின் அலைநீளத்தில் சரிபாதியாக அமையும்போது, போகும் அலையும் திரும்பும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, நகராமல் நிற்கும் அழுத்தக் கோலமாகின்றன. இதற்கு நிலை அலை என்று பெயர். 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட அறையில் முதல் நிலை அலைகள் முறையே 34, 43, 57 ஹெர்ட்ஸ் அளவில் எழும்.

டபுள் பேஸ் கருவியின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸில் ஒலிப்பது என்பதால், அதன் தொடக்கச் சுரங்கள் இந்த அறையின் 43 ஹெர்ட்ஸ் நிலை அலையில் சென்று விழுகின்றன. நிலை அலையின் அழுத்தம் சுவரோரத்தில் உச்சமாகவும் நடுவில் ஏறக்குறைய இல்லாமலும் இருப்பதால், அதே சுரம் பக்கச் சுவரை ஒட்டி அமர்ந்தவருக்கு வீங்கியும், சோபாவின் நடுவில் அமர்ந்தவருக்கு மெலிந்தும் கேட்கும். ஒரே ஸ்பீக்கரைப் பற்றி இருவர் நேர்மாறாகத் தீர்ப்புச் சொல்ல, இருவர் சொல்வதும் உண்மையாக இருப்பது இப்படித்தான். நிலை அலைகள் இவ்வாறு தனித்தனியே புலப்படும் எல்லையை ஜெர்மானிய இயற்பியலாளர் மான்ஃப்ரெட் ஷ்ரோடர் வகுத்த சூத்திரத்தால் கணக்கிடலாம். ஒலி அடங்க எடுக்கும் நேரம், அதாவது எதிர்முழக்க நேரம், 0.4 விநாடியாக இருப்பின் இந்த அறைக்கு அது ஏறத்தாழ 160 ஹெர்ட்ஸ் ஆகும்.

இந்தச் சிக்கலுக்கு மூன்று புகழ்பெற்ற ஸ்பீக்கர்கள் மூன்று வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் ஹோப் என்னும் ஊரில் பால் கிளிப்ஷ் 1946இல் தொடங்கிய நிறுவனத்தின் கிளிப்ஷ்ஹார்ன், அறையைத் தன் உறுப்பாகவே ஆக்கிக்கொள்கிறது. 15 அங்குல வூஃபரின் ஒலி மரப்பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்ட கொம்புக்குழல் வழியே வெளியேற, அறை மூலையின் இரு சுவர்களும் தரையும் அக்குழலின் கடைசிப் பகுதியாகச் செயல்படுகின்றன. இதனால் 1 வாட் மின்திறனுக்கு 105 டெசிபல் ஒலி கிடைப்பதாக நிறுவனம் குறிப்பிடுகிறது. ஆனால் எல்லா நிலை அலைகளும் உச்ச அழுத்தம் பெறும் இடம் மூலையே ஆதலால், அங்கு நிற்கும் ஸ்பீக்கர் அவை அனைத்தையும் முழு வலிமையுடன் எழுப்பிவிடுகிறது.

பீட்டர் வாக்கர் வடிவமைத்து, இங்கிலாந்தின் ஹன்டிங்டன் நகரிலிருந்து 1957இல் விற்பனைக்கு வந்த குவாட் எலக்ட்ரோஸ்டேடிக் ஸ்பீக்கரில் பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. துளையிட்ட இரு தகடுகளுக்கிடையே மின்னேற்றம் பெற்ற மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு அதன் பரப்பு முழுவதிலும் தள்ளப்பட்டு அசைவதால், மனிதக் குரலை அது தரும் தெளிவுக்கு அதன் பின்வந்தவற்றில் ஈடு சொல்லத்தக்கவை மிகச் சிலவே. முன்னும் பின்னும் சமமாக ஒலித்துப் பக்கவாட்டில் ஏறக்குறைய மௌனமாக இருப்பதால் அகலவாட்டு நிலை அலைகளை அது அதிகம் தூண்டுவதில்லை. அதற்கு விலையாகப் பின்சுவரிலிருந்து நன்கு விலகிய இடத்தை அது கேட்கிறது. அளவுமீறி முழங்கவைத்தால் சவ்வுக்கும் தகட்டுக்கும் இடையே தீப்பொறி பாய்ந்து பழுதாகவும் கூடும்.

மூன்றாவது, வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளுக்குள் பேச்சொலியைச் சரிபார்ப்பதற்காக 1970களில் பிபிசி உருவாக்கிய எல்எஸ்3/5ஏ. 30 சென்டிமீட்டர் உயரமே உள்ள அந்தச் சிறு மூடிய பெட்டியில் ஏறத்தாழ 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி படிப்படியாகச் சரிந்துவிடுவதால், அறையின் முதல் நிலை அலைகள் அதனிடம் விழிப்பதே அரிது. சிறிய அறைகளில் அது இத்தனை காலம் நேசிக்கப்படுவதற்கு அதன் இந்தக் குறையும் ஒரு காரணம் எனலாம்.

இம்மூன்றையும் ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒலி அளவை மாற்றாமல் மாற்றி மாற்றிக் கேட்பது ஒப்பீடே ஆகாது. எல்எஸ்3/5ஏ 1 வாட்டுக்குத் தருவது ஏறத்தாழ 83 டெசிபல் மட்டுமே. கிளிப்ஷ்ஹார்னோடு உள்ள 22 டெசிபல் இடைவெளியை நிரப்ப அதற்கு 150 வாட்டுக்கும் மேல் தேவை, அதை அச்சிறு பெட்டி தாங்காது. இரண்டில் சற்றே உரத்து ஒலிப்பதைக் காது மேலானதாகவே எடுத்துக்கொள்ளும் என்பதால், கருவியால் அளந்து ஒலி அளவைச் சமப்படுத்திய பிறகே எந்த ஒப்பீடும் தொடங்க வேண்டும்.

கண்ணும் காதை ஏமாற்றுகிறது. ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது அளித்த மதிப்பெண்களும் திரைக்கு மறைவில் வைத்துக் கேட்டபோது அளித்தவையும் வேறுபட்டன. அனுபவமுள்ள கேட்பாளர்களும் இதற்கு விலக்கல்ல. இக்காரணத்தால், கலிஃபோர்னியாவின் நார்த்ரிட்ஜில் ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனம் அமைத்த சோதனை அறையில், ஒலியைத் தடுக்காத திரைக்குப் பின்னால் ஒவ்வொரு ஸ்பீக்கரும் சில விநாடிகளில் ஒரே இடத்துக்கு இயந்திரத்தால் நகர்த்தப்படுகிறது.

தாங்கியில் நிற்கும் ஸ்பீக்கர்களுக்கு இதைவிட நேர்மையான முறை இல்லை. ஆயினும் கிளிப்ஷ்ஹார்னை மூலையிலிருந்து எடுத்துத் திரைக்குப் பின்னால் நடுவில் நிறுத்தினால், சோதிக்கப்படுவது குழலின் கடைசிப் பகுதியை இழந்த ஸ்பீக்கராகவே இருக்கும். அதை வாங்க எண்ணுவோர் தம் அறையிலேயே கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கும் முன்னதாக, ஒரே சுவரின் இரு முனைகளிலும் கதவோ சன்னலோ குறுக்கிடாத இரண்டு மூலைகள் அந்த அறையில் உள்ளனவா என்று பார்த்துவிட வேண்டும்.